அம்மா பாட்டு மட்டும் வேண்டாம்

கோவில்பட்டியில் ஒரு ரேடியோ செட் கடையில் ரொம்ப வருடம் வேலை பார்த்தேன். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் கொடை, துஷ்டி என்கிற சாவு வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் ஆம்ப்ளிபயரையும் கேசட் பெட்டியையும் கொண்டுபோவேன். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டுப் போடுவேன். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. பந்தலின் மூலையில் ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டால் என்னை யாரும் பேசச் சொல்லமாட்டார்கள். அதனாலேயே அந்த வேலை பிடித்திருந்தது.

கேசட் அட்டைகளில் பெயர் எழுதுவது நான்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, கோணல்மாணலாக இருக்கும். சாமி, கல்யாணம், மாமன், அம்மா, துஷ்டி என்று பிரித்து வைத்திருந்தேன். அம்மா கேசட்டில் இருந்த பாட்டுகளில் பாதி துஷ்டி கேசட்டிலும் இருந்தது. பதிவு செய்தவன் நானே. ஆனாலும் அது ஏன் என்று நான் யோசித்ததில்லை. ஒரு பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் எங்களுக்கு அடுத்த தெரு. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிற வேலை. தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். அவளுடைய கணவன் லாரியில் போகிறவன். கயத்தாறில் லாரி நிற்கிற இடத்தில் ஒருத்தியோடு பழக்கமாகி, அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது. ஆறு வருடமாக இந்தப் பக்கம் வரவில்லை. ஒரே மகள். அந்தப் பிள்ளை பெரியவளானதும் சடங்கு வைத்தாள். ரேடியோ செட் சொல்லக் கடைக்கு வந்தபோது முதலாளி இல்லை, நான்தான் இருந்தேன்.

எல்லாப் பாட்டும் போடலாம் என்றாள். பிறகு, "அம்மா பாட்டு மட்டும் போட்றாதிய அண்ணாச்சி" என்றாள்.

நான் காரணம் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"பாட்டுல அம்மாக்காரி தனியா இருந்தா அவ புருசன் செத்துருப்பான். எங்க வீட்ல அவிய உசுரோட இருக்காவ. சடங்குக்கு வாராவ."

விட்டுப் போனவனை அவள் மரியாதையாக 'அவிய' என்றுதான் சொன்னாள்.

அவனைக் கூப்பிட அவள் கயத்தாறுக்கு மூன்று தடவை போய் வந்திருந்தாள். அங்கே இருந்த அவனுடைய அக்காவிடம் கெஞ்சியிருக்கிறாள். சடங்குக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் அந்த அத்தைதான். அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவதாக ஒத்துக்கொண்டாளாம். அவன் திரும்பி வந்து குடும்பம் நடத்துவான் என்று இவள் நினைக்கவில்லை. மகளைத் தண்ணீர் ஊற்றி மனையில் உட்காரவைக்கும்போது, தெருவே பார்க்க அவன் ஒரு நேரம் பக்கத்தில் நின்றால் போதும். நாளைக்கு மகளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் அப்பன் எங்கே என்று கேட்டால், சடங்குக்கு வந்து நின்றாரே என்று சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முந்தின நாள் மழை. கரிசல் சேறு செருப்போடு அப்பிக்கொண்டு காலை எடுக்க விடவில்லை. வெளியூர் ஆட்களுக்கு வீடு தெரியட்டும் என்று குழாயின் வாயை மெயின் ரோட்டைப் பார்த்துத் திருப்பிக் கட்டினேன். சாமி பாட்டு, மாமன் பாட்டு எல்லாம் முடிந்தது. தண்ணீர் ஊற்றுகிற நேரம் நெருங்கியது. கயத்தாறு ஆட்கள் வரவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். பந்தல் போட்டுட்டா புருசன் வந்துருவானா ஏட்டி என்று ஒருத்தி கேட்டாள். லாரியில லோடு இல்லன்னா வருவான் என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். மூன்றாவதாக ஒருத்தி, வாழாவெட்டிக்கு ரேடியோ செட்டு ஒண்ணுதான் கொறச்சல் என்றாள். அந்த நேரம் பிள்ளையின் அம்மா காபித் தட்டோடு அவர்கள் பின்னால் நின்றாள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு, ஆளுக்கு ஒரு தம்ளர் கொடுத்துவிட்டுப் போனாள்.

வேறொருவன் என்றால் அந்தப் பெண்களை ஒரு வார்த்தை கேட்டிருப்பான். என் கை அம்மா கேசட்டை எடுத்தது.

ஒரு மகன் தன் அம்மாவைப் புகழ்கிற பாட்டு அது. கூலி வேலைக்குப் போய், தான் பட்டினி கிடந்து, ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்த்ததைச் சொல்லும். பாடுகிறவன் குரல் எடுத்ததுமே பெண்களின் பேச்சு நின்றது. வாழாவெட்டி என்று சொன்னவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் சொல்ல முடியாததைக் குழாய் சொல்லிவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். அவள் வேண்டாம் என்று சொன்னது அப்போது நினைவில் இருந்ததா என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். இருந்தது. போட்டுக் காட்டினால் அவளுக்கும் பிடிக்கும் என்று நினைத்தேன்.

பாட்டின் இரண்டாவது சரணத்தில் வளையல் உடையும், பொட்டு அழியும். அந்த இடம் ஓடிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஆட்கள் வந்தார்கள். முன்னால் அக்கா சீர்த்தட்டோடு வந்தாள். பின்னால் வெள்ளைச் சட்டையில் அவன். மெயின் ரோட்டில் இறங்கியதிலிருந்து அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டேதான் நடந்து வந்திருப்பார்கள்.

பந்தல் வாசலில் அக்கா நின்றாள். "எந்தம்பி உசுரோட வாரான். அவனுக்கு எழவுப் பாட்டா போடுதிய?"

அவன் முகத்தில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு வேலை தானாகவே முடிந்துபோன மாதிரி இருந்தான். "செத்தவனுக்கு இங்கன என்ன சோலி" என்று சொல்லிவிட்டு, சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துத் திரும்பி நடந்தான். அக்கா தட்டோடு அவன் பின்னால் போனாள்.

அவசரத்தில் கேசட்டைப் பிடுங்கினேன். நாடா சிக்கிக்கொண்டு வெளியே வந்தது. பிள்ளையின் அம்மா தெருமுனை வரை போனாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

"நான் சொன்னேன்லா அண்ணாச்சி."

நான் குனிந்து சிக்கிய நாடாவை எடுத்துக்கொண்டிருந்தேன். பாட்டு நின்றுபோனதாலோ என்னவோ, வேறு ஏதாவது பாட்டுப் போடச் சொன்னாள். பிள்ளை உக்காந்திருக்கா என்றாள். கல்யாணப் பாட்டு ஒன்றைப் போட்டேன். முறை இல்லாத ஒரு பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் ஊற்றினாள்.

மறுவாரம் அந்தப் பிள்ளையும் கட்டை அடுக்கப் போனாள்.

அதற்குப் பிறகு பாட்டுகளைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். விட்டுப்போன கணவன் எங்கேயோ உயிரோடு இருக்க, ஒரு பெண் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்ப் பிள்ளையை வளர்க்கிற பாட்டு ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினேன். தனியாக இருக்கிற அம்மா வெள்ளைச் சேலை கட்டியிருப்பாள். இல்லையென்றால் ஏமாந்துபோய் வயிற்றில் பிள்ளையோடு ஆற்றங்கரையில் நிற்பாள். அதுவும் இல்லையென்றால் கோயிலாகவோ தெய்வமாகவோ ஆகிவிடுவாள். பாடுவது எப்போதும் மகன்தான், அதுவும் வளர்ந்து சம்பாதிக்கிற மகன். மகள் பாடி நான் கேட்டதில்லை. அம்மா வாய் திறந்தால் தாலாட்டு. அவள் கேலி பேசிச் சிரித்தாள், பிள்ளையைத் திட்டினாள், காபி கொடுத்தாள் என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை. கேசட் போய் சிடி வந்தது. விளாத்திகுளம், எப்போதும்வென்றான் என்று போன இடங்களில் எல்லாம் மற்றவர்களின் பெட்டிகளிலும் பார்த்தேன். கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தால் நல்லா இருக்கியளா அண்ணாச்சி என்று கேட்பாள். தலையை ஆட்டுவேன்.

பிறகு செல்போன் காலம் வந்தது. கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தோம். ஒரு நாள் அவள் மகள் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். போனை நீட்டி, அவள் அம்மா கூப்பிட்டால் மட்டும் அடிக்கிற மாதிரி ஒரு பாட்டு வைத்துத் தரச் சொன்னாள். என்ன பாட்டு என்றேன்.

"என் சடங்குல போட்டியள்லா. அந்த அம்மா பாட்டு. உள்ள உக்காந்து கேட்டேன். எங்கம்மாவத்தான் பாடுதாவன்னு நெனச்சேன்."

"அம்மாக்குத் தெரியுமா?"

"அதுக்குத் தெரியாண்டாம்."

அந்தப் பாட்டு வேண்டாம் என்று அவள் அம்மா சொன்னதையும், அதைப் போட்டதால்தான் அவள் அப்பா வாசலோடு திரும்பினார் என்பதையும் அந்தப் பெண்ணிடம் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாட்டை ஏற்றினேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓடவிட்டபோது சத்தத்தை ரொம்பக் குறைத்து வைத்தேன். குழந்தை போனைப் பிடிக்கக் கை நீட்டியது. ஏதாவது பேச வேண்டுமே என்று வீட்டுக்காரர் சௌக்கியமா என்று கேட்டேன்.

அவள் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"அவிய திருப்பூர்ல இருக்காவ" என்றாள். "ஒரு வருசமாச்சு. வருவாவ."