ஒரே வரியில் மூன்று ஏழுமலை

டேட்டாபேஸ் வேலை பார்த்து நொந்த தோழர்களே, ஊரில் நமக்கு "கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆளு" என்றுதான் பெயர்.

எனக்குப் பழவேற்காடு. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரிப்பதை இங்கே பாடு என்பார்கள். பக்கத்துக் குப்பத்துக்கு அந்த முறையை வாட்ஸ்அப்பில் அனுப்புவது என் வேலை. அதில் பேர் இல்லாதவர் அன்றைக்கு வலையைத் தொட முடியாது.

குலுக்கல்

டேபிளில் ஆளுக்கு ஒரு வரி. ஊர்த் தலைவருக்கோ இடத்துக்கு ஒரே வரி வேண்டும், பேர்களையெல்லாம் கமா போட்டு. அதற்குத்தான் குரூப் கான்கேட் என்ற ஃபங்ஷன் இருக்கிறதே! பூக்கட்டுவதுபோல் கோத்துத் தந்துவிடும். வரிசையைச் சொல்லாவிட்டால் மட்டும் தன் இஷ்டத்துக்குக் கோக்கும். சென்னையிலிருந்து எனக்கு அதை எழுதித் தந்த ரமேஷ், வரிசையைச் சொல்லாமல் விட்டுவிட்டான். முதல் பேர்க்காரர்தான் முதலில் வலை போடுவார் என்பது அவனுக்கென்ன தெரியும்? தலைவர் போனில் வந்தார்.

"கோயில்ல நாங்க ஒரு குலுக்கல் போட்டோம். உன் கம்ப்யூட்டரு தனியா இன்னொண்ணு போட்டுச்சா இன்னா?"

டூப்ளிகேட்

வரிசையைச் சரிசெய்த ரமேஷ், கேட்காமலே டிஸ்டிங்க்ட் என்று ஒரு வார்த்தையையும் சேர்த்தான். ஒரே பேர் திரும்ப வந்தால் அது தூக்கிவிடும். ஒரே இடத்துக்கு மூன்று ஏழுமலை இருந்தார்கள். வரியில் ஒருவர்தான் மிஞ்சினார். மற்ற இருவரையும் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் ரமேஷ் எதிரில் இல்லாதது அவன் அதிர்ஷ்டம். மூவருமாக என் வீட்டுக்கே வந்தார்கள். மூத்த ஏழுமலை சொன்னார்:

"பேருதாம்மா ஒண்ணு. வயிறு மூணு."

நல்

இனி குழப்பமே வேண்டாம் என்று பட்டப்பெயரையும் பேரோடு சேர்த்தேன். சுறா ஏழுமலை வந்தார், ஒல்லி ஏழுமலை வந்தார். இளைய ஏழுமலைக்குப் பட்டப்பெயரே கிடையாது. அந்தக் கட்டம் காலி. காலிக் கட்டத்துக்கு டேட்டாபேஸில் 'நல்' என்று பெயர். குடம் பாலில் துளி விஷம்போல, அதோடு எதைச் சேர்த்தாலும் மொத்தமும் காலி. மறுநாள் விடிந்தால் அவர் முறை, வரியில் ஆளைக் காணோம். பதறிக்கொண்டு போன் செய்தார். பாவமாக இருந்தது. அரை நிமிட வேலைதான், சரிசெய்கிறேன் என்று காரணத்தையும் சொன்னேன்.

"நல்லா? நல்ல பேருதானேக்கா! நல்ல ஏழுமலைனே போட்டுடு" என்றார்.

போட்டேன். மறுநாள் நிம்மதியாக வலை போட்டார். அவர் கரையேறுவதற்குள் சுறா ஏழுமலையிடமிருந்து போன்.

"அப்போ நாங்க ரெண்டு பேரும் இன்னா, கெட்ட ஏழுமலையா?"

எத்தனை பேரை வேண்டுமானாலும் ஒரே வரியில் சேர்த்துவிடலாம் தோழர்களே, சேர்ந்தவர்களைச் சமாதானப்படுத்தத்தான் இன்னும் ஃபங்ஷன் வரவில்லை.