வாத்துக்கார முனியப்பன்

முனியப்பன் போய்விட்டார்...

நேற்று சாயங்காலம் நன்னிலம் பக்கம் எங்கள் ஊர் வயலில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. இன்று காலை அவர் தம்பி சேகர் போன் செய்துதான் எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு வருஷமும் சம்பா அறுவடை முடிந்ததும் விழுப்புரம் பக்கத்திலிருந்து டெம்போவில் அறுநூறு வாத்துகளோடு வந்து இறங்குவார். அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல், நத்தை, புழு எல்லாம் அவற்றுக்குச் சாப்பாடு.

எங்கள் முதல் சந்திப்பே சண்டைதான். அறுப்புக்கு முன்பே நெல்லுக்குள் உளுந்து தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். முளைத்து நின்ற என் உளுந்தில் வாத்து இறங்கிவிடும் என்று பயந்து, கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு துரத்தினேன். ஸ்கூலில் கத்துகிற அதே கத்தல்.

அவை வரப்பைத் தாண்டவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது...

அடுத்த வருஷம் குடையில்லாமல்தான் போனேன். கூட்டம் மொத்தமும் என்னைக் கண்டதும் வளைந்து ஒதுங்கிப் போனது.

"உங்க முகம் அதுங்களுக்கு ஞாபகம் இருக்கு டீச்சர்," என்றார் முனியப்பன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இன்னொரு நாள் வாய்க்காலில் இவருடைய வாத்தும் வேறொருவர் வாத்தும் கலந்துவிட்டன. எல்லாம் ஒரே பழுப்பு. இன்றைக்கு அடிதடிதான் என்று நினைத்தேன்.

இவர் ஒரு கரையில் நின்று குரல் கொடுத்தார், அந்த ஆள் எதிர்க்கரையில். பத்து நிமிஷத்தில் தானாகவே பிரிந்து அவரவரிடம் போய்ச் சேர்ந்தன. கணக்கு டீச்சர் நான், வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

சேகர் போன் செய்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அண்ணனின் உடலோடு அண்ணி ஆம்புலன்ஸில் ஊருக்குப் போய்விட்டார். கொள்ளி வைக்க வேண்டியவர் சேகர்தான். வாத்துகளை ஏற்றிக்கொண்டு மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

ஆனால் நேற்று பட்டியில் அடைக்க ஆளில்லாமல் அவை வாய்க்காலிலேயே தங்கிவிட்டன. சேகர் தொண்டை வறளக் கூப்பிட்டும் ஒன்றுகூடக் கரையேறவில்லையாம்.

"அண்ணன் உங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவாருல்ல டீச்சர்... அதுல வாத்தக் கூப்பிடுற மாதிரி ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. போன வாரம் அனுப்பியது. முட்டை வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், நடுவில் என்னை மறந்துவிட்டு அவற்றைக் கூப்பிடுகிறார். "ஹோய்... தா தா தா..."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பட்டிக்குள் நின்று, சத்தத்தை முழுசாக வைத்துப் போட்டேன்.

வந்தன. அத்தனையும்...

உள்ளே கொட்டியிருந்த நெல்லை ஒன்றும் தொடவில்லை. என்னைச் சுற்றி நின்று கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தன. சேகர் வலையை இழுத்துக் கட்டினார்.

எனக்கு முனியப்பன் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. விரல் போனுக்குப் போனதும் சேகர் கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாம் டீச்சர். அவரத் தேடுதுங்க."

எல்லாவற்றையும் பத்திரமாக ஏற்றி அனுப்பிவிட்டோம் முனியப்பன்... நிம்மதியாகப் போங்கள்.