அம்மாவின் பெயருக்கு வந்த தடையுத்தரவு

எங்கள் அம்மா கண்மூடி ஓராண்டாகிறது. இந்த நினைவு மலருக்கு அவரின் பிறப்பு, வாழ்வு, பெருமை எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதித் தரும்படி மாமா இரண்டு தடவை நினைவூட்டினார். எழுதுகிறேன். ஆனால் அம்மாவின் பெருமைகளை எழுதும்போது என் பிழையொன்றை மட்டும் மறைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. உறவுகள் பொறுத்தருள வேண்டும்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் செட்டிபாளையத்தில், ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தவர் அம்மா. வாகரையிலிருந்து வந்து அவரைக் கைப்பிடித்த எங்கள் அப்பா, எனக்கு ஒன்பது வயதாகும்போது காய்ச்சலில் காலமானார். அன்றிலிருந்து ஒரு தையல் மெசினை நம்பித்தான் எங்கள் வீடு ஓடியது. காத்தான்குடிப் புடவைக்கடை ஒன்றுக்கு அம்மா தலையணை உறையும் சட்டையும் தைத்துக் கொடுத்தார். பஸ் ஓடாத நாட்களில் பொட்டணியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வருவார். யாரிடமும் கைநீட்டாதவர், யாரையும் கடிந்து பேசாதவர். என்னை மட்டும் பேசுவார். அதற்கு நான் தகுதியானவள்தான்.

என் அண்ணா பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போனார். எங்கே போனார், யாரோடு போனார் என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே. வன்னியில் சண்டை முடிந்த வைகாசியில் அவரும் முடிந்துபோனார் என்று, அங்கிருந்து உயிரோடு மீண்ட ஒருவர் வந்து சொன்னார். உடலும் வரவில்லை, நாளும் தெரியவில்லை. திதி தெரியாமல் எப்படித் திவசம் கொடுப்பது என்று குருக்கள் யோசித்தார். அம்மா யோசிக்கவில்லை. சண்டை முடிந்த அந்த வாரத்தில் ஒரு மாலையைத் தானே குறித்துக்கொண்டு, வருடா வருடம் வளவுக்குள் மாமரத்தடியில் ஒரு விளக்கு வைத்து, இறால் குழம்பும் சோறும் படைத்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவில்லை.

பிறகொரு வருடம், பிள்ளைகளை அதேபோல் பறிகொடுத்த மூன்று தாய்மார் தாங்களும் வரட்டுமா என்று கேட்டார்கள். நான்கு பேரும் வாவிக்கரையில் சேர்ந்து விளக்கு வைப்பது என்று முடிவாயிற்று. அங்கேதான் நான் தலையிட்டேன். நான் பிரதேச செயலகத்தில் வேலை செய்பவள், கடதாசியில் நம்பிக்கை உள்ளவள். அதே வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு ஒலிபெருக்கி போடக் கோவில்காரர் பொலிசில் அனுமதி எடுப்பார்கள். அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுப்பதும் நான்தான். கொடுத்த அடுத்த நாளே அனுமதி வந்துவிடும். அம்மனுக்குக் கிடைப்பது அம்மாவுக்கும் கிடைக்கும் என்று நினைத்தேன்.

வேண்டாம் என்றுதான் அம்மா சொன்னார். கேட்காமல் செய்தால்தான் பிழை, கேட்டுச் செய்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று நான் வாதாடினேன். என் அழகான கையெழுத்தில் விண்ணப்பம் எழுதி, அம்மாவிடம் ஒப்பம் வாங்கி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் நீதிமன்றத் தடையுத்தரவு வீட்டுக்கு வந்தது. அதில் முதலாவது பெயர் அம்மாவுடையது. நினைவுகூரக் கூடாது, கூடக் கூடாது, விளக்கேற்றக் கூடாது, பொது அமைதிக்குக் குந்தகம் விளையும் என்றிருந்தது. நான் வாசித்துக் காட்டினேன்.

“குந்தகம் எண்டா என்ன மகள்?”

“கெடுதல் அம்மா.”

“நாலு விளக்காலயா?” என்று கேட்டுவிட்டு மெசினுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வைகாசியிலும் அந்தக் கடதாசி தவறாமல் வந்தது. ஒருமுறை பட்டியலில் ஏறிய பெயரை எப்படி இறக்குவது என்று நான் விசாரிக்காத இடமில்லை. ஒருவர் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார், அவர் முதலாமவரிடமே திருப்பி அனுப்பினார். அந்த மாலைகளில் எங்கள் வாசல் படலைக்கு எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். மாமரத்தடி விளக்கும் இல்லாமல் போயிற்று.

அதே வாரத்தில், போரில் மாண்ட படையினரை நாடு நினைவுகூரும் நாளும் வரும். அதற்கெனச் சுற்றுநிருபம் வரும், கொடி ஏறும், அலுவலக முற்றத்தில் எல்லோரோடும் நானும் தலைகுனிந்து நிற்பேன். நிற்கும்போது யாரை நினைத்தேன் என்று எந்தச் சுற்றுநிருபமும் கேட்கவில்லை. ஒருநாள் அம்மா அந்தச் சுற்றுநிருபத்தைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து, அந்த நாளை எப்படி மதிக்க வேண்டும், யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் வாசித்தேன். அவர் கோபப்படவில்லை.

“அந்தப் புள்ளையளுக்கும் தாய் இரிக்கும்தானே. நினைக்கட்டும். அதுக்குச் சட்டம் இரிக்கிறதும் நல்லதுதான். நமக்கு ஒரு நாள் தாறதா அதில எங்கயும் எழுதியிரிக்கா?”

இல்லை என்று தெரிந்தும் கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன்.

“இல்ல அம்மா.”

“வடிவாப் பாத்தியா?”

“பாத்தன் அம்மா.”

சட்டம் படித்தவர்களும் பெரியவர்களும் இதற்கு ஏதாவது விளக்கம் வைத்திருப்பார்கள். எழுபது வயதுத் தாய்க்குச் சொல்லக்கூடிய விளக்கம் ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

சலரோகம் என்னும் நீரிழிவு சிறுநீரகத்தில் இறங்கி, சென்ற மாசி மாதம் அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் நினைவு தெளிவாக இருந்தது. கிட்ட வரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன்ட உத்தியோகத்துக்கு ஒண்டும் வந்திரக்கூடாது எண்டுதான் இவ்வளவு நாளும் நான் பேசாம இரிந்தன். வாற வைகாசிக்கு அவனுக்கு ஒரு விளக்கு வை மகள். வீட்டுக்குள்ளயெண்டாலும் வை.”

“ஓம் அம்மா, வைப்பன்” என்றேன். அடுத்த நாள் விடிய அம்மா அமைதியாகப் போய்விட்டார்.

வைகாசி வந்தது. தடையுத்தரவுக் கடதாசியும் அம்மாவின் பெயருக்கே வந்தது. கொண்டுவந்த பொலிஸ்காரர் தமிழ் நன்றாகப் பேசுபவர், மரியாதையானவர். அம்மா காலமாகிவிட்டார் என்றதும் தொப்பியைக் கழற்றினார். பெயரை வெட்டுவதற்கு இறப்புச் சான்றிதழின் பிரதி வேண்டும் என்றார். கொடுத்தேன். இத்தனை வருடம் நான் கேட்டுக் கிடைக்காதது ஐந்து நிமிடத்தில் நடந்தது. போகும்போது நின்று கேட்டார்.

“இனி இந்த வீட்டில விளக்கு வைக்கிறதுக்கு ஆரும் இரிக்காங்களா, மிஸ்?”

“ஒருத்தரும் இல்ல” என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். எனக்குப் பென்சனுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது, வளர்ந்துவரும் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றெல்லாம் அன்றிலிருந்து எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். சொல்லச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், எட்டாம் நாள் வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த அயலவருக்கும், செய்தி கேட்டவுடன் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்த காத்தான்குடி முதலாளிக்கும், முன்னின்று காரியங்கள் நடத்திய மாமாவுக்கும், பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்து போன அந்த மூன்று தாய்மாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இம்மலரைக் குறித்த நாளில் அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும் நன்றி. அம்மாவின் பிள்ளைகள் என்ற பக்கத்தில் என் படம் மட்டும் இருப்பதைக் கண்டு அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். அண்ணாவின் படத்தை அவர்கள் இரண்டு தடவை கேட்டார்கள். நான்தான் கொடுக்கவில்லை. விளக்கும் வைக்கவில்லை.

மகள்