பெரியவளுக்குக் காட்டிய நீலக் கொடி

கண்ணாடிக் கடைச் சரக்கு ஏற்றிய வேனைப் பெரியவள் ஓட்டிக்கொண்டு வந்தால், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள். அவள் காதில் அது ஏறாது. சிக்னல் மாறப்போகிறது என்று மற்றவர்களுக்குத் தோன்றுவதற்கு முன்பே அவள் கால் பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்திருக்கும். வேன் நின்றதே தெரியாமல் நிற்கும். சாய்த்துக் கட்டிய ஆளுயரக் கண்ணாடிகள் ஒரு முனகல்கூட முனகாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் கையில் ஒரு கண்ணாடி உடைந்தது கிடையாது. கடை முதலாளி புது டிரைவர்களிடம், "அந்தம்மா ஓட்டுற மாதிரி ஓட்டு, இல்லேன்னா வேற வேலை பாரு" என்பார். பெரியவள் கேட்காத மாதிரி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருப்பாள். சுருட்டிய கயிற்றையே பிரித்து மறுபடியும் சுருட்டுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு மனசுக்குள் இருந்த ஆசை கார்ப் பந்தயம் என்றால் யார் நம்புவார்கள்? புருஷன் மட்டும் நம்பினார். டிவியில் பந்தயம் ஓடும்போது அவள் உட்கார மாட்டாள். சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வளைவு வரும்போதெல்லாம் அவளும் லேசாகச் சாய்வாள். ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் இருந்தது. வேலை வெட்டிக்குப் போகிற சாதாரண ஆட்களுக்காக அங்கே ஒரு பந்தயப் பள்ளியும் நடந்தது. மூன்று நாள் பயிற்சி, காரை நாமே கொண்டுபோக வேண்டும். பெரியவள் அதற்காகவே ஒரு பழைய சின்னக் காரைத் தேடிப் பிடித்து வாங்கினாள். வாரம் தவறாமல் டயருக்குக் காற்று பார்த்தாள். ஆனால் பள்ளிக்குப் போவது மட்டும் வருஷா வருஷம் தள்ளிப்போனது. ஒரு வருஷம் முட்டிவலி, ஒரு வருஷம் கடையில் வேலை அதிகம், ஒரு வருஷம் காரணமே இல்லை.

தங்கை சின்னவள் பல்செட் செய்கிற இடத்தில் வேலை பார்த்தாள். யாரோ ஒருவரின் வாய் அச்சுக்குள் மெழுகில் பற்களை நட்டு, பல்லுக்குப் பல் ஒட்டுகிறதா என்று பார்க்கிற வேலை. அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே பெரியவள்தான், அதுவும் அந்தச் சின்னக் காரில்தான். ஒரு நாள் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்த இடத்தில், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, அந்த ரேஸ் ஸ்கூல்ல பேரு குடுத்துட்டேன். காரு தர்றியா?"

கரண்டியைக் கேட்பதுபோல் கேட்டாள். பெரியவளுக்கு அடிவயிற்றில் யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி இருந்தது. எத்தனை வருஷமாகத் தனக்குள்ளேயே வைத்துப் பொத்திப் பாதுகாத்த ஆசை! அதை இவள் போகிற போக்கில் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். தரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்கு வெளியே சொல்லக்கூடிய பதில் பெரியவளிடம் இல்லை.

"எடுத்த எடுப்புல ஸ்கூலுக்குப் போனா சிரிப்பாங்க," என்றாள். "மொதல்ல டிராக்ல கொஞ்ச நாள் ஓட்டிப் பழகணும். அது இல்லாம உள்ளயே விடமாட்டாங்க."

கடைசி வரி அவளாகச் சேர்த்தது. பள்ளி அப்படி எதுவும் கேட்பதில்லை, லைசென்ஸ் இருந்தால் போதும் என்பது பெரியவளுக்கு மனப்பாடம். ஆனால் அந்தத் தடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் சொந்தக் காரில் போய் ஓட்டலாம். ஒரு ஞாயிறு போனால் போதும், சின்னவள் பயந்து விட்டுவிடுவாள் என்பது அவள் கணக்கு. சிறுவயதில் பேருந்து கிளம்புவதற்கு முன்பே வாந்தி எடுத்தவள்தானே இவள்?

அந்தக் கணக்கு முதல் அரைமணி நேரத்துக்குச் சரியாகவே இருந்தது. டிக்கியில் கிடந்த ஜாக்கி, குடை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பெரியவள் இறக்கி ஓரமாக வரிசைப்படுத்தி வைத்தாள். சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தாள். தடத்தின் ஓரத்தில் நின்று கொடி காட்டுகிறவர் புதிதாக வந்தவர்களைக் கூட்டி வைத்து விளக்கினார். மஞ்சள் காட்டினால் முன்னால் ஆபத்து. நீலம் காட்டினால் உன்னைவிட வேகமானவர் பின்னால் வருகிறார், வழி விடு. அப்புறம் பெரியவள் முதலில் ஓட்டினாள், சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றாவது சுற்றில் சின்னவள் முகம் வெளிறிவிட்டது. கார் நின்றதும் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். பெரியவள் அவள் முதுகைத் தடவிவிட்டாள். அந்தக் கைக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், தடவிய கைக்கே தெரியாது.

"உனக்கு இது ஒத்துக்காதுடி."

"பக்கத்துல உக்காந்தாத்தான் ஒத்துக்கல," என்றாள் சின்னவள், வாயைத் துடைத்துக்கொண்டு. "சாவியக் குடு."

ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வாந்தி எங்கே போனதோ தெரியவில்லை. பெரியவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதி மிதி என்று மிதித்தாள். வளைவு வருகிறது, வருகிறது, வந்தேவிட்டது, இவள் இன்னும் பிரேக்கைத் தொடவில்லை. அப்புறம் ஒரே அழுத்து. பெரியவளின் தாடை நெஞ்சில் இடித்தது. ஒன்றும் ஆகவில்லை. கார் வளைந்து போய்க்கொண்டிருந்தது.

அன்று பெரியவள் ஓட்டியபோது கொடிக்காரர் ஓயாமல் நீலத்தைக் காட்டினார். சின்னவள் ஓட்டியபோதும் காட்டினார், ஆனால் எப்போதாவதுதான். பெரியவள் அதைக் கவனிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அடுத்த ஞாயிறும் போனார்கள், அதற்கடுத்ததும். பெரியவள் ஒவ்வொரு தடவையும் ஒரு புது நிபந்தனை வைத்தாள். மழையில் ஓட்டாமல் எப்படி என்றாள். மழை வந்தது, சின்னவள் நடுத்தடத்தில் பம்பரம் மாதிரி சுற்றி, வந்த பக்கத்தையே பார்த்து நின்றாள். பெரியவள் மனசுக்குள் ஒரு பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள், அவள் சிரித்துக்கொண்டே காரைத் திருப்பி, அதே வளைவை மறுபடி மறுபடி எடுத்து, வழுக்காமல் போகும் வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டாள். நெருக்கத்தில் மற்ற கார்களுக்கு நடுவே ஓட்டிப் பார் என்றாள் பெரியவள். அதுவும் வந்துவிட்டது. தடுக்க வைத்த கல்லெல்லாம் சின்னவளுக்குப் படியாகிக்கொண்டே போனது. கொடிக்காரர்கூட ஒரு நாள் தேநீர் குடிக்கிற இடத்தில், "உங்க தங்கச்சிக்கு நல்ல கால்மா" என்றார். நல்ல காலாம். அந்தக் காலுக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டியது யார்?

வீட்டில் புருஷன் வேறு. "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? நெஞ்செரிச்சலா? மாத்திரை வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள். "வயித்தெரிச்சலுக்கு அது கேக்காதுதான்," என்று சொல்லிவிட்டு, அடி விழுவதற்குள் எழுந்து போய்விட்டார்.

பள்ளி தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு வந்தது. சின்னவள் அந்தச் சின்னக் காரில் தனியாக இறங்கினாள். பெரியவள், தடத்துக்காரர்கள் வாடகைக்கு விடுகிற காரை எடுத்துக்கொண்டாள். அது புதுசு, இழுவையும் அதிகம். இன்றைக்கு யாருடைய கால் நல்ல கால் என்று பார்த்துவிடலாம் என்றுதான் எடுத்தாள். அதை அவள் தனக்குத்தானே ஒளிக்கவும் இல்லை.

அவளுக்குத் தெரிந்த அளவுக்கு விரட்டித்தான் ஓட்டினாள். ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், வெகு முன்னால், கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. பின்னால் கண்ணாடி இல்லை, கயிறு இல்லை, ஒன்றுமே இல்லை. கால் மட்டும் கண்ணாடி இருப்பதாகவே நினைத்தது.

நேர்ப்பாதையின் முடிவில் கொடிக்காரர் நீலக் கொடியை நீட்டினார். பெரியவள் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தாள். வலது விளக்குக்குக் கீழே ஒரு நெளிவு; கடை வாசல் கம்பத்தில் அவளே இடித்தது. அவள் கார். உள்ளே ஹெல்மெட்டோடு அவள் தங்கை.

பெரியவள் வழி விடவில்லை.

அடுத்த வளைவில் காரை நடுவில் வைத்துக்கொண்டாள். அதற்கடுத்த வளைவிலும் அப்படியே. சின்னவள் நெருக்கவும் இல்லை, விளக்கடிக்கவும் இல்லை. பெரியவர்கள் முன்னால் நடந்தால் பின்னால் வருவதுபோல வந்தாள். அதுதான் பெரியவளுக்கு இன்னும் காந்தியது. சுற்றி வந்தபோது கொடிக்காரர் கொடியை வெறுமனே காட்டவில்லை, ஆட்டினார். இன்னொரு தடவை ஆட்ட வைத்தால் கறுப்புக் கொடி காட்டி வெளியே கூப்பிடுவார். பெரியவள் ஓரம் கட்டி, ஜன்னல் வழியே கையை நீட்டி, போ என்று காட்டினாள். அவள் கார் அவளைத் தாண்டிப் போனது.

போனதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். சின்னவளின் பின்விளக்கு எங்கே எரிகிறதோ அங்கே தானும் பிரேக் போட்டாள். எந்த ஓரத்தைத் தொட்டு வளைகிறாளோ அதே ஓரத்தைத் தொட்டாள். இரண்டு சுற்று. அந்த இரண்டு சுற்றிலும் அவளுக்கு யார் கொடியும் காட்டவில்லை. கால் முதல் தடவையாகக் கண்ணாடியை மறந்திருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் பயத்தால் இல்லை. பிறகு சின்னவள் விலகிப் போய்விட்டாள்; பெரியவள் பழையபடி ஆனாள்.

திரும்பும் வழியில் சின்னவள் சாதாரணமாகச் சொன்னாள். "கடைசியில பிரேக்கு பஞ்சு மாதிரி உள்ள போச்சுக்கா. ஒண்ணும் இல்லையே?"

பெரியவளுக்கு உடனே புரிந்தது. பழைய பிரேக் ஆயில். இவ்வளவு அழுத்தி யாரும் மிதித்ததில்லை. அதனால் சூடேறிக் கொதித்திருக்கிறது. அவள் காலுக்கு இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நடக்காத விஷயம். அதிலும் ஒரு குத்தல் இருந்தது. அதிலேயே ஒரு வழியும் இருந்தது.

"இந்த பிரேக்க வச்சுக்கிட்டு ஸ்கூலுக்குப் போக முடியாது," என்றாள்.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆயிலை மாற்றினால் சரியாகிவிடும் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் பெரியவள் கண்ணாடி ஏற்றிக்கொண்டு போனாள், இறக்கினாள், ரசீதில் கையெழுத்து வாங்கினாள். ஜெயித்தவள் மாதிரி இருந்திருக்க வேண்டும். சோறு இறங்கவில்லை. காரைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று வேன் ஓட்டிக்கொண்டே நினைத்துப் பார்த்தாள். சின்னவள் வீட்டில் இருப்பாள், இவளும் வீட்டில் இருப்பாள், கார் வாசலில் நிற்கும், டயரில் காற்று சரியாக இருக்கும். அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அந்த இரண்டு சுற்றுதான் கண்ணுக்குள் ஓடியது. அந்த மாதிரி இன்னும் இரண்டு சுற்று வேண்டுமென்றால், முன்னால் போக ஒருத்தி வேண்டும்.

காலி வேனோடு திரும்பும்போது உதிரிபாகக் கடையில் நிறுத்தி, பிரேக் ஆயில் ஒரு டப்பா வாங்கினாள். பொறாமை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அது பக்கத்து இருக்கையில் டப்பாவோடு உட்கார்ந்துகொண்டுதான் வந்தது.

சாயங்காலம் சின்னவளைக் கூப்பிட்டாள். பிரேக் ஆயில் மாற்றுவது ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. ஒருத்தி உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருத்தி சக்கரத்தடியில் படுத்து நட்டைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்கு முன்னால் காலை எடுத்துவிட்டால் காற்று புகுந்து எல்லாம் வீண்.

"நான் விடுன்னு சொல்ற வரைக்கும் விடக்கூடாது. மிதி."

"மிதிச்சிட்டேன்."

நட்டில் மாட்டிய குழாய் வழியாகக் கறுத்த ஆயில் நுரையோடு பாட்டிலில் இறங்கியது. பெரியவள் நட்டை மூடினாள்.

"விடு. மிதி."

சக்கரம் சக்கரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்றாவது சக்கரத்தில் சின்னவள் மேலேயிருந்து பேசினாள்.

"அக்கா, ஸ்கூல்ல டிராக் அனுபவமெல்லாம் கேக்கவே மாட்டாங்களாம். நீ சொன்ன மறுநாளே போன் பண்ணிக் கேட்டேன்."

சக்கரத்தடியில் ஸ்பேனர் நின்றது.

"அப்புறம் எதுக்குடி ஒவ்வொரு ஞாயிறும் வந்தே?"

"காரு உன்னோடதாச்சே. நீ ஆட்டி வச்சா ஆடணும்ல?" கொஞ்சம் நிறுத்தி, "நல்லதுக்குத்தான். இல்லேன்னா அங்க போய் வளைவுக்கு வளைவு முழிச்சிருப்பேன்" என்றாள்.

பெரியவளுக்குக் காது சுட்டது. நல்லவேளை, காருக்கு அடியில் இருந்ததால் முகம் தெரியவில்லை.

"அன்னிக்கு எனக்கு நீலக் கொடி காட்டுனாங்களே. நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"ஏன் ஹாரன் அடிக்கல?"

"உனக்கா? வேன் பின்னாடி அத்தன பேரு அடிக்கிறாங்க, நீ என்னிக்கு வழி விட்டிருக்கே?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "விடு" என்றாள். கடைசிச் சக்கரத்தில் ஆயில் தெளிந்து, தேன் நிறத்தில், நுரை இல்லாமல் வந்தது. நட்டை முறுக்கினாள், மறுபடி ஒரு தடவை முறுக்கிப் பார்த்தாள். எழுந்து வந்து அவளே மிதியை அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

சாவியை உடனே கொடுத்துவிடவில்லை. விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே, டயர் தேய்ந்தால் நீதான் மாற்ற வேண்டும், டிக்கியில் ஒரு குடைகூட இருக்கக்கூடாது, தினமும் ராத்திரி வந்து அங்கே சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் எனக்குச் சொல்ல வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். சின்னவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"அடுத்த பேட்ச்சுல எம் பேரும் இருக்கு," என்றாள் பெரியவள். "இன்னிக்கு மத்தியானந்தான் குடுத்தேன். அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமைல நான் ஓட்டணும். நீ பக்கத்துல உக்காந்து எங்க பிரேக் போடணும்னு சொல்லணும்."

"பக்கத்துல உக்காந்தா எனக்கு வாந்தி வருமே."

"கவர் எடுத்துக்க," என்று சொல்லி, சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தாள்.