வெள்ளைத் துணிக்கு ஏது தலைகீழ்?

மகளின் போன் விளையாட்டை அழித்தது நான்தான். கோபத்தில் அழித்தேன், அப்போது கொஞ்சமும் வருந்தவில்லை. எட்டாம் தரக் கடைசித் தவணையில் கேத்திர கணிதத்துக்கு அவள் வாங்கிய புள்ளியைச் சொல்ல எனக்கு வாய் கூசும். அவளோ கோணல்மாணலான துண்டுகளை விரலால் சுழற்றிச் சுழற்றி ஒரு கட்டத்துக்குள் நிரப்பிக்கொண்டிருந்தாள். "இதுவும் கணக்குதாம்மா" என்றாள். "வாய்தான் வருது, கணக்கு வரல்ல" என்றேன். அதோடு அவளே தன்னை மக்கு என்று சொல்லத் தொடங்கினாள். ஒன்பதாம் தரத்துக்கே போகமாட்டேன் என்று அழுதாள். எனக்கு வலித்தது. ஆனாலும் இறங்கிப் போகவில்லை.

மஹய்யாவையில் ஒரு குறுகிய லேனுக்குள் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. இருபது வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன், என் வெட்டில் யாரும் குறை சொன்னதில்லை. பாடசாலையில் கொடுத்த வெள்ளைச் சீருடைத் துணியை விரித்து, மகளின் கவுனுக்கான காகித வெட்டுகளை அடுக்கினேன். விடுமுறையில் பிள்ளை இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தாள். பாவாடைப் பகுதிக்கு ஆறு துண்டு வேண்டும், ஐந்துதான் துணிக்குள் அடங்கியது. கடையில் வாங்கிச் சேர்த்தால் வெள்ளைக்கு வெள்ளை ஒத்துவராது, ஒட்டு தெரியும். "துணி காணாது" என்று கத்தரிக்கோலை வைத்துவிட்டேன்.

மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் ஏம்மா ஒரே பக்கமா வச்சிருக்கீங்க? ஒன்னு விட்டு ஒன்னத் தலைகீழா வைங்க."

"பூவெல்லாம் தலைகீழாப் போயிரும்டி."

"இதுல எங்கம்மா பூ?"

பூப்போட்ட துணியையே வெட்டிப் பழகிய கை, வெறும் வெள்ளையிலும் பூவுக்குப் பயந்திருக்கிறது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மேலே குறுகிக் கீழே விரிந்த அந்தத் துண்டுகளை ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும், சரிவோடு சரிவு சேர வைத்தாள். ஆறும் அடங்கியது. பெல்ட்டுக்கும் துணி மிஞ்சியது.

"எங்கடி பழகின?"

"நீங்க அழிச்சீங்களே, அதுலதான்."

பிறகு இரண்டு துண்டுகளை உற்றுப் பார்த்தவள், "அம்மா, இது சரிவகம். ரெண்ட இப்படிச் சேத்தா இணைகரம். பரப்பளவுச் சூத்திரத்துல ஏன் பாதியாக்குறாங்கன்னு இப்பத்தான் விளங்குது!" என்று கத்திக்கொண்டு கணக்குப் புத்தகத்தை எடுக்க ஓடினாள். நான் போனை எடுத்து அந்த விளையாட்டை மறுபடி போட்டேன்.

முதலாம் தவணைப் பரீட்சையில் சரிவகக் கேள்விக்கு முழுப் புள்ளி. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க நாலு பேர் உட்கார்ந்திருந்த நேரத்தில் விடைத்தாளோடு உள்ளே வந்தாள்.

"நான் மக்கு இல்லதானே, அம்மா?"

"இல்லடி தங்கம். மக்கு நானு" என்றேன், லேன் முழுக்கக் கேட்கிற மாதிரி.