எஸ்தர் அக்காவும் நான் வாங்கிக் கொடுத்த கசப்புத் தண்ணீரும்

எஸ்தர் அக்கா போன மாதம் காலமானார். செய்தி வந்தபோது லேபில் ஒரு துணி துவைத்தபின் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தேன். அவர் மகள் கிரேஸ் போனில் சொன்னாள்: “அம்மா காலைல எந்திரிக்கல ஆன்ட்டி. ஹார்ட்டுன்னு சொல்லுதாங்க.” ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நானோ, “ரத்தத்துல ஏதாச்சும் கோளாறுன்னு சொன்னாங்களா கண்ணு?” என்று கேட்டேன். அப்படி யாரும் சொல்லவில்லை என்றாள். நான் ஏன் அதைக் கேட்டேன் என்று அவளுக்கு அப்போது தெரியாது. அருள்புரம் கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கும் தெரியாது.

உடன்குடிப் பக்கத்திலிருந்து கணவர் சாமுவேல் அண்ணனோடு திருப்பூருக்கு வந்தவர் அக்கா. எங்கள் கம்பெனியில் சில வருஷம் காலர் தைத்தார். பிறகு எங்கள் டெஸ்டிங் லேபுக்கு மாற்றினார்கள். நான் வேதியியல் முதுகலை முடித்து லேபுக்குப் பொறுப்பாக இருந்தேன். அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சாயத் துணியின் மேல் வெள்ளைத் துணியைத் தேய்த்து, எவ்வளவு நிறம் ஒட்டுகிறது என்று பார்ப்பதுதான் ரப்பிங் டெஸ்ட். காய்ந்த துணியால் ஒரு முறை, ஈரத் துணியால் ஒரு முறை. கொஞ்சமும் ஒட்டாவிட்டால் கிரேடு ஐந்து. ஒருமுறை கப்பல் போகிற அவசரத்தில் ஆர்டரைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசர் வந்து, கிரேடு இரண்டு வருகிற துணிக்கு நாலு போடச் சொன்னார். “இந்தச் செவப்புத் துணில ஒரு சட்டை தச்சுப் போட்டுக்கிட்டு, கீழ வெள்ள வேட்டியோட மழையில நில்லுங்க தம்பி. வேட்டி வெள்ளயாவே இருந்தா நாலு போடுதேன்” என்றார் அக்கா. மெர்ச்சண்டைசர் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. தூக்கத்தில் கெண்டைக்கால் சுண்டி இழுப்பதாக அக்கா சொல்ல ஆரம்பித்தார். ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. வாழைப்பழம் என்றார் ஒருவர், வெந்நீரில் கல்லுப்பு என்றார் இன்னொருவர். படுக்கை விரிப்புக்கு அடியில் சோப்பு வைத்துப் படுக்கச் சொல்லி வாட்ஸப்பில் வந்ததை அவர் செய்தும் பார்த்தார். நான் அத்தனையையும் கேலி செய்தேன். பிறகு இணையத்தில் எங்கோ, மலேரியா மருந்தான குயினைன் தசைப்பிடிப்புக்கு நல்லது, டானிக் வாட்டர் என்கிற கசப்புச் சோடாவில் அது கொஞ்சம் இருக்கிறது என்று படித்தேன். பாட்டிலிலும் குயினைன் என்று அச்சிட்டிருந்தது. பெயர் தெரிந்த வேதிப்பொருள் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. சோப்பை நம்பியவர்களைவிட நான் அதிகமாக எதையும் விசாரிக்கவில்லை.

பல்லடம் ரோட்டுக் கடையில் ஆறு பாட்டில் வாங்கிக் கொடுத்தேன்.

“இது ஜின்னுல ஊத்துறதுல்லா? பாஸ்டர் பாத்தா சபைய விட்டே தள்ளிருவாரு.”

“வெறும் சோடாதானுங்க்கா. கொஞ்சம் கசக்கும், அவ்வளவுதான்.”

“கொஞ்சமா? எங்க மாமியா பேச்சு தேவலாம் போ” என்று முகத்தைச் சுளித்தபடி குடித்தார். நான் கொடுத்தது என்பதற்காகத் தினமும் அரை டம்ளர் குடித்தார்.

இரண்டு வாரம் போயிருக்கும். சேலையைக் கொஞ்சம் தூக்கி, கணுக்காலுக்கு மேலே ஊசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகளைக் காட்டினார். சாயம் தெறித்திருக்கும் என்றாள் ஒருத்தி. சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் இன்னொருத்தி. எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் அது சாயம்தான். அக்கா வெள்ளைத் துணியை எடுத்தார். காய்ந்த துணியால் பத்து முறை தேய்த்தார், நனைத்து மறுபடி பத்து முறை தேய்த்தார். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் ஒட்டல. கிரேடு அஞ்சு போட்டுக்கோ பிள்ள” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு புள்ளியை விரலால் அழுத்தினேன். அரிப்புத் தடிப்பாக இருந்தால் அழுத்தியதும் வெளுக்கும். இது வெளுக்கவில்லை; தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்திருந்தால்தான் அப்படி இருக்கும். “காலைல பல்லு வெளக்குனப்ப ரத்தம் வந்துச்சு” என்றார் அக்கா, அதுவும் வேடிக்கை போல. உடனே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் பயப்படும் அளவுக்குக் குறைந்திருந்தது. டெங்கு பரவியிருந்த சமயம். வார்டில் சேர்த்து, ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். “ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து சாப்பிட்டீங்களாம்மா?” என்று டாக்டர் கேட்டார். “ஒண்ணும் இல்லய்யா” என்றார் அக்கா. அவர் பொய் சொல்லவில்லை. சோடாவை யாரும் மருந்தில் சேர்ப்பதில்லை. எனக்கு அப்போதே அந்தச் சோடா மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. முடிவு வரட்டும் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். கடவுளிடம் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத நான், டெங்குவாக இருக்க வேண்டும் என்று அன்று பகல் முழுவதும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

சாயந்தரம் டெங்கு இல்லை என்று வந்தது. சாமுவேல் அண்ணன் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தார். “டாக்டர், இவங்க தினமும் டானிக் வாட்டர் குடிச்சாங்க. நான்தான் வாங்கிக் கொடுத்தேன்” என்றேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. குடிக்கிற பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை என்றார். குயினைன் அளவுக்கு மிஞ்சினால் காது இரையும், தலை சுற்றும், பார்வை மங்கலாம். வெகு சிலருக்கு மட்டும் உடம்பு அதைத் தாங்காமல் தன் பிளேட்லெட்டையே அழித்துவிடும். அவர்களுக்குச் சிறிதளவே போதும். கால் பிடிப்புக்காக இதைக் குடிப்பது வீண் ஆபத்து, இனி ஒரு வாய்கூடக் கூடாது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் குயினைன் ஆகாது என்று முதலில் சொல்லிவிட வேண்டும் என்றார். அவர் வெளியே போனதும் அக்கா என்னைப் பார்த்தார்.

“இதச் சொல்ல இவ்வளவு நேரமா பிள்ள?”

அதற்குமேல் அதைப் பற்றி அவர் என்னை எதுவும் கேட்டதில்லை.

நிறுத்திய சில நாட்களில் எண்ணிக்கை ஏறியது. அதுதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். உறுதியாக நிரூபிக்க இன்னொரு முறை குடிக்கக் கொடுத்துப் பார்க்க வேண்டும், அதை எந்த டாக்டரும் செய்யமாட்டார் என்றார். வேலைக்குத் திரும்பிய முதல் நாள், அவருக்கு எதையும் நீட்ட எனக்குக் கை வரவில்லை. அவரே என் பிளாஸ்கைக் காட்டி, “டீ ஊத்து. இதுலயாவது ஒண்ணும் போடலியே?” என்றார். சுற்றியிருந்தவர்களுக்கு அது வெறும் சிரிப்பு. டம்ளருக்குள் பார்க்காமலே டீயைக் குடித்து முடித்து, இன்னும் கொஞ்சம் கேட்டார்.

போன மாதம் அடக்கத்தின்போது, கல்லறைத் தோட்டத்தில் சாமுவேல் அண்ணன் ஊரிலிருந்து வந்த உறவினர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினார். “எஸ்தர அன்னைக்குக் காப்பாத்துன மேடம் இவங்கதான். டாக்டருக்கே பிடிபடாதத இவங்கதான் கண்டுபிடிச்சாங்க. அவ சொல்லிக்கிட்டே இருப்பா.” ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இத்தனை வருஷமும் அக்கா அந்தக் கதையைப் பாதியிலிருந்துதான் சொல்லியிருக்கிறார். அங்கேயும் நான் பேசாமல்தான் நின்றேன்.

போன ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போய், அந்தப் பாட்டில்களை வாங்கிக் கொடுத்ததே நான்தான் என்ற முன்பாதியைச் சொன்னேன். கிரேஸ் என்னைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போனாள்.

“எஸ்தருக்குத் தெரியுமா?” என்றார் அண்ணன்.

“தெரியுங்கண்ணா. அவங்க முன்னாலதான் டாக்டர்கிட்டச் சொன்னேன்.”

“தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னாளா…” என்று சொல்லி, முதல் முறையாக என் முன்னால் அழுதார்.

கிரேஸ் இன்னும் என்னிடம் பேசவில்லை. அவள் கோபம் நியாயமானது. அதை ஆற்றும்படி யாரிடமும் கேட்கப்போவதில்லை. அன்று லேபில் அக்கா வாங்கிக் குடித்த அந்த டீ மட்டும் என்னோடு இருக்கட்டும். நீங்களும் எனக்குக் கொடுத்த, காப்பாற்றியவள் என்ற பெயரை இத்துடன் உங்களிடம் திருப்பித் தந்துவிட்டேன்.