வந்து பேசுறன்

சாந்தினி அக்கா போன விமானம் மலையேரியில் இறங்கும்போது கவிழ்ந்துவிட்டது என்று எங்கள் பேராசிரியர் ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ஜெர்மன் புரியாதவன் போலத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்டால் செய்தி மாறிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. வடகனடாவில் சாலையே இல்லாத ஏரி அது. மிதவை பூட்டிய சின்ன விமானத்தில்தான் போக முடியும். ஆய்வுக்காக ஏரியின் அடிச்சேற்றை எடுக்கப் போனவர். விமானியும் பிழைக்கவில்லை.

இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் நீங்கள் எசனில் அக்காவை உங்கள் வீட்டுப் பிள்ளையாக அறிந்தவர்கள். பான் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த அக்காவைப் பற்றி நான் சொல்கிறேன்.

நான் திருநெல்வேலியிலிருந்து வந்த புதிது. ஒருநாள் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நேற்று புரொஃபெசர் என்னை நல்லாப் பேசிப்போட்டார்" என்றார். அந்த மனிதர் வாயைத் திறப்பதே அபூர்வம். "சூப்பர்க்கா! என்ன பேசினார்?" என்றேன். அக்கா என்னை முறைத்தார். "உமக்கு அதிலை சந்தோஷமோ?"

உங்கள் ஈழத்துத் தமிழில் பேசுவது என்றால் திட்டுவது. நாங்கள் பேசுவதை நீங்கள் கதைப்பது என்கிறீர்கள் என்று அன்றுதான் தெரிந்தது. தெரிந்ததும் இருவரும் சிரித்த சிரிப்பில் பேராசிரியரே எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு, "உங்கட பேச்சோ, எங்கட பேச்சோ?" என்று கேட்காமல் எங்களுக்கு ஒரு நாளும் போனதில்லை.

ஊன்ட்றொப் அம்பாள் கோயில் திருவிழாவுக்கு என்னைத் தன் காரில் அழைத்துப் போனவரும் அவர்தான். போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை. கால்வாயில் ஒரு குப்பி நீர் மொண்டுகொண்டு வந்தார். அதைப் பார்த்த ஒரு அம்மா தீர்த்தம் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டார்.

"ஐயோ அம்மா, இது சோதிக்க எடுத்த தண்ணி. குடிக்கேலாது!"

"அம்பாள் தீர்த்தமாடின தண்ணிதானே பிள்ளை. ஊத்துங்கோ."

குப்பியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடிய அக்காவை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அவர் கனடாவுக்குப் போயிருந்தபோது எனக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் ஐடி வேலை கிடைத்தது. ஆய்வை விட்டுவிடலாம் என்றிருந்தேன். அக்காவிடம் சொல்லாமல் முடிவெடுக்க மனம் வரவில்லை. போனில் சொன்னேன்.

"ஒண்டுக்கும் ஓம் எண்டு சொல்லிப்போடாதையும். வந்து பேசுறன்."

"உங்க பேச்சா, எங்க பேச்சாக்கா?"

சிரித்தார். "பிளேன் காத்துக்கொண்டு நிக்குது. வந்தாப் பிறகு தெரியும்தானே" என்று வைத்துவிட்டார்.

ஃபிராங்க்ஃபர்ட் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் முன்பு கொண்டுவந்த ஏரிச்சேறு குளிரறையில் இருக்கிறது. அதைத்தான் இப்போது நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைத் தவிர அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது 'வந்து பேசுறன்' என்ற அந்த ஒரு சொல்தான்.

எந்தப் பேச்சாக இருந்தாலும் சரி அக்கா, வந்து பேசியிருக்கலாம்.